எதிர்ப்பக்கத்தில் என் உளுவை

நடந்தது இவ்வளவுதான்:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில், தினகரன் அண்ணனை விளையாட்டில் தோற்கடித்தேன்.
2. அவர் "காட்டு" என்றார்.
3. எங்கள் குழுவின் வழக்கப்படி என் அணியை அவருக்குக் கொடுத்தேன்.
4. இரண்டு மாதம் கழித்து, நகரத் தகுதிச் சுற்றில், அதே அணியோடு அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.
5. தோற்றேன்.
6. அவர் ஜெயித்ததற்காக எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

கண்ணை மூடினால் நான்காவது வரிதான் வருகிறது. ஒரு பெரிய மாலின் மேல்தளம். ஏசி குளிரில் உடம்பு விறைக்கிறது. பக்கத்துத் தியேட்டரிலிருந்து பாப்கார்ன் வெண்ணெய் வாசனை. மேடையில் இரண்டு நாற்காலி, பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை. திரையின் இடது ஓரத்தில் சேற்று நிறத்தில், கண்கள் தலைக்கு மேலே துருத்திக்கொண்டு, குட்டையாக ஒரு ஜந்து. வலது ஓரத்திலும் அதே ஜந்து. இரண்டின் தலைக்கு மேலும் தமிழ் எழுத்தில் ஒரே பெயர்: உளுவை.

மைக் பிடித்திருந்த வர்ணனையாளர், "ரெண்டு சைடும் உளுவையா? என்னங்க இது, மீன் மார்க்கெட்டா?" என்றார். கூட்டம் சிரித்தது.

எதிர்ப்பக்கத்தில் நின்ற உளுவைக்கும் நான்தான் பெயர் வைத்திருந்தேன். எங்கள் விளையாட்டில் ஒருவருடைய அணியை இன்னொருவர் ஒரு கோட் எண் போட்டு அப்படியே இரவல் வாங்கலாம். இரவல் வாங்கிய அணியில் எதையும் மாற்ற முடியாது, பெயரைக்கூட.

உளுவைக்குப் பெயர் வந்தது

சென்ற வாரங்களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்ததையும், எர்ணாவூரில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததையும் எழுதியிருந்தேன். வேலை நேரம் போக என்ன செய்வீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஜந்துக்களைச் சண்டைக்கு விடுவேன்.

விளையாட்டின் பெயர் வேண்டாம். ஆடுகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. நூற்றுக்கணக்கான ஜந்துக்களில் ஆறைத் தேர்ந்தெடுத்து ஓர் அணி கட்ட வேண்டும். களத்தில் ஒரு நேரத்தில் பக்கத்துக்கு இரண்டு நிற்கும். எது வேகமானதோ அது முதலில் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் தருவார்கள். அதை வேகத்துக்குப் போடுவதா, பலத்துக்கா, தாங்கும் சக்திக்கா என்பது நம் முடிவு. விரல் வித்தை பாதி, கணக்கு பாதி என்று சொல்வார்கள். எனக்கு முழுவதும் கணக்கு.

போட்டிகளில் எல்லோரும் அதே இருபது முப்பது ஜந்துக்களைத்தான் ஆடுவார்கள். மற்றவை குழந்தைகளுக்கு. நான் பார்த்தவுடன் எடுத்துக்கொண்டது அந்த மற்றவையில் ஒன்று. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி அது, உளுவ மாரி முழிச்சிக்கினு கீது?"

எண்ணூர் கழிமுகத்துச் சேற்றில் கிடக்கும் மீன் உளுவை. அம்மா சொன்னதும் வேறு பெயர் பொருந்தாது என்று தெரிந்தது. அன்றே மாற்றிவிட்டேன்.

குழுவில் முதல் தடவை காட்டியபோது, காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டும் அப்பு என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டீச்சர், இத்த கொயம்புல போட்டா ரெண்டு பேரு துன்லாம். சண்டைக்கெல்லாம் ஆவாது."

நான் எல்லாவற்றையும் எக்செல்லில் போடுவதால் அவன் எனக்கு வைத்த பெயர் டீச்சர்.

ஆகாததை ஆக்குவது

அப்பு சொன்னது தப்பில்லை. உளுவையின் குறைகள் வெளிப்படையானவை:

– அணியில் எடுக்கக்கூடிய எல்லாவற்றிலும் மெதுவானது.
– உடம்பு மெலிது. இரண்டு நல்ல அடிக்கு மேல் தாங்காது.
– இருக்கும் ஒரே திறமை, அடி வாங்க வாங்க அடுத்த அடி கனக்கும் என்பது. முதல் இரண்டு குறையால் அந்த அடுத்த அடி வருவதே இல்லை.

பட்டறையில் என் மேஜைக்கு வரும் கேஜ்களில் பாதியை வெளியே தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். முள் எங்கேயோ நிற்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு தப்பாகக் காட்டுகிறதென்றால் அந்தக் கேஜை மீட்டுவிடலாம். தப்பு நிலையானது என்றால் அதை நம்பலாம். உளுவையின் மந்தமும் அப்படி நிலையானது. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

சில சுற்றுகளுக்கு அடிக்கும் வரிசையைத் தலைகீழாக்கும் ஜந்து ஒன்று உண்டு. அது வந்தால் மெதுவானது முதலில் அடிக்கும். அதை முதல் சுற்றில் இறக்கினேன். இரண்டாவது சுற்றில் இன்னொரு ஜந்து, எங்கள் பக்கத்து ஜந்துவே, உளுவையை லேசாகத் தட்டும். மூன்றாவது சுற்றில் உளுவை எல்லோருக்கும் முன்னால் போய் அடிக்கும். அந்த அடியில் எதிரில் நிற்பது எதுவாக இருந்தாலும் போய்விடும்.

சொல்ல எளிது. அந்த மூன்றாவது சுற்று வரை உளுவை உயிரோடு இருக்க வேண்டும். எதிரியின் ஒரு முழு அடியும் எங்கள் தட்டும் சேர்ந்த பிறகும் ஒரு சொட்டு உயிர் மிச்சமிருக்க வேண்டும். புள்ளிகளை எங்கே எவ்வளவு போட்டால் அந்தச் சொட்டு மிஞ்சும் என்று பார்க்க ஒரு மழைக்காலம் முழுவதும் போனது.

பெரும்பாலும் எண்ணூர் நெடுஞ்சாலையில்தான் கணக்குப் போட்டேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றுவிட்டால் நின்றதுதான். ஜன்னலில் படியும் சாம்பல் தூள் போன் திரையிலும் படியும். சுடிதார் ஓரத்தால் துடைப்பேன், மறுபடி எண்ணைப் போடுவேன். பக்கத்து சீட்டு அம்மா ஒருவர், "பேங்க் வேலையாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நகரத் தகுதிச் சுற்றில், வேறு யாருக்கும் தெரிவதற்கு முன், உளுவையோடு ஜெயிக்க வேண்டும். உளுவை என்ன செய்யும் என்று தெரியாத வரைக்கும்தான் உளுவைக்குப் பலம். தெரிந்தவன் இரண்டாவது சுற்றிலேயே அதை முடித்துவிடுவான்.

கேரம் போர்டிலிருந்து வந்த சட்டம்

எங்கள் குழு கூடும் கடை ஜெஸ்லினின் அப்பாவுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கடை போட்ட குடும்பம். ஜெஸ்லின் என்னோடு டிப்ளமோ படித்தவள், இப்போது கல்லாவில் உட்காருகிறாள். மாடியில் சார்ஜர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்து ஆடுவோம். புது பிளாஸ்டிக் வாசனையும், காற்று திரும்பினால் துறைமுகத்து டீசல் வாசனையும் வரும். அவள் அப்பா படியேறி வந்து எட்டிப் பார்ப்பார்.

"ஆடுங்க, ஆடுங்க. கரண்டு பில்லு நாந்தானே கட்டுதேன்."

ஆனால் குழுவுக்குத் தலை என்று இருந்தால் அது தினகரன் அண்ணன்தான். நாங்கள் தினாண்ணே என்போம். என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூத்தவர். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை. அதற்கு முன்னால் அவர் கேரம் ஆடியவர்.

வடசென்னையில் கேரம் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தெருவுக்கு ஒரு மன்றம், மன்றத்துக்கு ஒரு மஞ்சள் பல்பு, பவுடர் தூவிய பலகை, சுற்றி நிற்கும் இருபது பேர். தினாண்ணன் மாநில அளவுத் தேர்வு வரை போனவர். ஒரு நாள் வேலையில் இரும்புக் கம்பி நழுவி வலது ஆள்காட்டி விரலில் விழுந்தது. விரல் இருக்கிறது. நுனியில் உணர்வு இல்லை. அதற்குப் பிறகு அவர் ஸ்டிரைக்கரைத் தொடவில்லை.

அவருடைய மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஏதோ ஓர் அடியால் நீ தோற்றுவிட்டால், ஆட்டம் முடிந்ததும் "காட்டு" என்று கேட்கலாம். ஜெயித்தவன் காய்களைப் பழைய இடத்தில் வைத்து, அதே அடியை இன்னொரு முறை அடித்துக் காட்ட வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் அடுத்த நாள் அவனோடு யாரும் ஆட மாட்டார்கள்.

அந்த வழக்கத்தைத் தினாண்ணன் எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தார். இங்கே காட்டுவது என்றால் அணியின் கோட் எண்ணைக் கொடுப்பது.

"மறச்சி ஆடுனா அது ஆட்டம் இல்ல, திருட்டு," என்பார்.

நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். புதிதாக வந்தபோது நான் தோற்காத ஆள் கிடையாது, "காட்டு" என்று கேட்காத ஆளும் கிடையாது. தினாண்ணன் அவருடைய அணிகளைக் கொடுத்து, ஏன் இப்படி வைத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியும் கொடுத்தார். அதை வைத்துத்தான் நான் ஆடக் கற்றேன்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. கேரம் போர்டில் ஓர் அடியைக் காட்டினால், பார்த்தவனுக்குக் கோணம் கிடைக்கும். விரல் காட்டியவனிடமே இருக்கும். அவன் அதே அடியை அடிக்க வருஷம் ஆகலாம், வராமலேயே போகலாம். எங்கள் விளையாட்டில் கோட் எண்ணைக் கொடுத்தால் விரலையும் கொடுத்துவிடுகிறோம்.

காட்டினேன்

அந்த ஞாயிற்றுக்கிழமை உளுவையை முதல் முறையாக மாடியில் இறக்கினேன். நிஜமான எதிரியோடு ஆடாமல் கணக்கு சரியா என்று தெரியாது. அங்கே இருந்ததிலேயே நல்ல ஆட்டக்காரர் தினாண்ணன். அவரோடு ஆடுவதுதான் பரிசோதனை.

மூன்றாவது சுற்றில் உளுவை அடித்தது. அவருடைய மிகப் பெரிய ஜந்து, போட்டிக்குப் போட்டி அவரைக் காப்பாற்றியது, ஒரே அடியில் விழுந்தது. அப்பு எழுந்து நின்று கத்தினான்.

"மாமு, உளுவ கட்சிட்சி!"

தினாண்ணன் கத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்.

"காட்டு."

எல்லோருக்கும் தெரியும், நான் தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று.

"தினாண்ணே, க்வாலிஃபையர் முடிஞ்சதும் குடுக்கறேனே."

"ரூலு அப்டி இல்லியே, கலை."

ஜெஸ்லின் என்னைப் பார்த்தாள். யாரும் எனக்காக வாயைத் திறக்கவில்லை. அவர்களுடைய அணிகள் எல்லாம் என் போனில் இருந்தன.

"சரி. ஆனா அதுவரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க."

"சே, நான் இன்னா லூசா? எங்க அம்மா மேல சத்தியம். என் போன வுட்டு வெளிய போவாது."

கோட் எண்ணைச் சொன்னேன். அவர் அந்த உணர்வில்லாத விரலை மடித்துக்கொண்டு நடுவிரலால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

அவர் சத்தியத்தை மீறவில்லை. யாருக்கும் காட்டவில்லை. அவர் போனை விட்டு அது வெளியே போகவில்லை. தகுதிச் சுற்றுக்குத் தானும் பெயர் கொடுக்கப்போவதாக அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. போட்டி நடக்கும் ஞாயிறு ஷிப்ட் இருக்கிறது, வர முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார். ஷிப்டை மாற்றிக்கொண்டார்.

மேடையில்

மாலில் அவரைப் பார்த்தபோது எனக்காகக் கைதட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கழுத்தில் ஆட்டக்காரர் அட்டை தொங்கியதைப் பார்த்த பிறகும், வேறு அணியோடு வந்திருப்பார் என்று நினைத்தேன். முதல் சுற்றுகளை நாங்கள் வேறு வேறு மேஜைகளில் ஆடினோம். அரையிறுதியில் இரண்டு அணியும் திரையில் வரும் வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் இதற்கிடையில் ஆறில் இரண்டை மாற்றியிருந்தேன். அதனால் முதல் ஆட்டத்தில் அவர் தடுமாறினார், ஜெயித்தேன். இரண்டாவதில் சுதாரித்துக்கொண்டார். ஆட்டக்காரராக அவர் என்னைவிடப் பெரியவர், அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. மூன்றாவதில் இரண்டு உளுவையும் ஒரு சொட்டு உயிரோடு எதிரெதிரே நின்றன. வரிசை தலைகீழாகியிருந்தது. எது முதலில் அடிக்கிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

இரண்டும் ஒரே வேகம். அதற்குக் கீழே போக முடியாது என்பதற்காகத்தான் நான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். வேகம் சமமாக இருந்தால் விளையாட்டு பூவா தலையா போடும்.

அவருடையது முதலில் அடித்தது.

வர்ணனையாளர் அவரிடம் மைக்கை நீட்டினார். ஏன் உளுவை என்று பெயர்?

"எங்க ஊரு மீனு சார்."

"இந்த டீமை எப்படிப் பிடிச்சீங்க?"

நான் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

"நம்ம பசங்க எல்லாம் சேந்து பண்ணதுதான், சார்."

பொய் சொல்கிறவர் முகம் இல்லை அது. பெருந்தன்மையாகச் சொல்கிறவர் முகம்.

எஸ்கலேட்டர் பக்கத்தில் பிடித்தேன்.

"சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"சொன்னா நீ வேணான்னு சொல்லுவ."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல." பிறகு, "எனக்கு இன்னோரு வாட்டி இப்டி மேடை கெடைக்குமா, சொல்லு? உனக்கு வயசு கீது," என்றார்.

அவருடைய விரலைப் பற்றி நினைத்தேன். நினைத்ததால் என் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

பிரியாணி

இறுதிச் சுற்றிலும் அவர் ஜெயித்தார். அடுத்த ஞாயிறு மாடியில் அண்டாவில் பிரியாணி வந்தது. ஜெஸ்லினின் அப்பா கடையை அரைநாள் மூடினார். அப்பு தினாண்ணன் கழுத்தில் சார்ஜர் வயர்களைக் கோத்து மாலை போட்டான். "ராயபுரத்து சிங்கம்டா!" என்றான். சிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது.

ஜெஸ்லின் என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள்.

"மூஞ்ச ஏன்டி இப்டி வச்சிருக்க? ஒன் டீம்தானே ஜெயிச்சிருக்கு."

"டீம் ஜெயிச்சுது. நான் தோத்துட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள். தினாண்ணன்மேல் எனக்கு வந்த கோபத்தைவிட, அந்தக் கேள்விக்கு வந்த கோபம் பெரிது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சாப்பிட்டேன். கறி நன்றாக வெந்திருந்தது.

அவர் தேசியச் சுற்றுக்கு ரயில் ஏறிப் போனார். நடுவில் எங்கேயோ தோற்றார். ஆனால் ஓர் ஆட்டத்தின் வீடியோ பரவியது. தோற்றவர் கேட்டாராம், தினாண்ணன் வழக்கப்படி அவருக்குக் கோட் எண்ணைக் கொடுத்தாராம். ஒரு வாரத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் உளுவையை ஆடினார்கள். எந்தத் தேசத்துப் பையனோ தன் வீடியோவில் "உலுவாய், உலுவாய்" என்று கத்துவதைக் கேட்டேன்.

எல்லோரும் ஒன்றையே ஆடினால் கம்பெனி சும்மா இருக்காது. அடுத்த அப்டேட்டில் இரண்டு வரி வந்தது. அடி வாங்கினால் உளுவைக்குக் கூடும் பலம் இனிப் பாதிதான். பாதி பலத்தில் அந்த மூன்றாவது சுற்று அடி எதையும் வீழ்த்தாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் வீழ்த்தாது.

அன்று தினாண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "பாத்தியா கலை, நம்ம உளுவைய சாவடிச்சிட்டானுங்க."



இப்போது

மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். "காட்டு" சட்டம் அப்படியே இருக்கிறது. நான் போவதில்லை. ஜெஸ்லினோடு பேசுகிறேன், விளையாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. தினாண்ணனைச் சுங்கச்சாவடி பஸ் நிறுத்தத்தில் இரண்டு முறை பார்த்தேன். நன்றாக இருக்கியா என்றார், இருக்கிறேன் என்றேன்.

இந்த வருஷத் தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுக்கும் தேதி நெருங்குகிறது. அவர் கொடுத்துவிட்டதாக அப்பு சொன்னான். நான் யாரும் எடுக்காத இன்னொரு ஜந்துவை வைத்து ஓர் அணி கட்டியிருக்கிறேன். அதற்குப் பெயர் வைக்கவில்லை. யாரோடும் அதை ஆடிப் பார்க்கவும் இல்லை. அதனால் அது ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது.